மாத்திரையின் மேல் பழி, மருமகளின் மேல் தண்டனை





மதுரையில் காஜிமார் தெருவானாலும் மகபூப்பாளையமானாலும், மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரானாலும், வலீமா விருந்துக்கு வந்த இளம்பெண் பந்தியில் அமருமுன்பே ஒரு கேள்வி அவளை எதிர்கொள்கிறது: “விசேஷம் ஒன்றும் இல்லையா?” இல்லையென்று தலையசைத்தால் அடுத்த கேள்வி: “மாத்திரை கீத்திரை சாப்பிட்டாயோ?” ஆமென்று அவள் உண்மையைச் சொல்லிவிட்டால், விசாரணையின்றித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. மாத்திரையின் சூடு கர்ப்பப்பையைக் கெடுத்துவிட்டதாம். அல்லாஹ் கொடுப்பதைத் தடுத்தவளுக்கு இது தண்டனையாம்.

இந்தத் தீர்ப்பு மருத்துவத்தின்படி பொய், மார்க்கத்தின்படி அநீதி.

முதலில் ஒன்றைக் கேட்போம். அந்த மாத்திரையை வாங்கிவந்தவர் யார்? படிப்பு முடியட்டும் என்றும், முதல் குழந்தையின் அறுவைப் பேற்றுக்குப்பின் உடல் தேறட்டும் என்றும், வெளிநாட்டுப் பயணம் உறுதியாகட்டும் என்றும் பெரும்பாலும் கணவனும் மனைவியும் கூடித்தான் முடிவெடுக்கிறார்கள். பல வீடுகளில் மாமியாரும் அதை அறிவார். முடிவில் பங்கு எல்லோருக்கும். பழி மட்டும் ஒருத்திக்கா?

மருத்துவம் சொல்வதைப் பார்ப்போம். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படும் மாலா-என் போன்ற மாத்திரைகள், கருமுட்டை வெளிவருவதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கின்றன. அவற்றின் இயக்குநீர்கள் உடலில் தேங்கிக் கிடப்பதில்லை. நிறுத்திய சில நாட்களில் வெளியேறிவிடுகின்றன. நிறுத்தியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேர் ஓராண்டுக்குள் கருத்தரிக்கிறார்கள். மாத்திரையே தொடாதவர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

2017 முதல் அரசுத் திட்டத்தில் உள்ள ‘அந்தரா’ ஊசி சற்று வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் அந்த ஊசியை நிறுத்தியவர்கள் கருத்தரிக்க, கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதங்கள் ஆகின்றன. அது தாமதமே தவிர மலட்டுத்தன்மை அன்று. ஓராண்டுக்குள் குழந்தை வேண்டுவோர் ஊசியைத் தேர்ந்தெடுக்குமுன் இதை அறிந்திருக்க வேண்டும்.

சிலருக்கு மாத்திரையை நிறுத்தியபின் மாதவிடாய் ஒழுங்கற்றுப் போகிறது. மாத்திரை உண்ணுங்கால் ஒழுங்காக வந்தது மாத்திரையால் வந்த ஒழுங்கு. சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கலோ தைராய்டு குறைபாடோ முன்பே இருந்திருக்கலாம். மாத்திரை அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவே. இருபத்திரண்டில் தொடங்கி முப்பத்தைந்தில் நிறுத்தியவருக்குத் தாமதமானால், அங்கே மாத்திரையைவிட வயதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி நம் சமுதாயம் கணக்கிடவே மறந்த கணக்கு ஒன்று உண்டு. “மாத்திரையை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிவிட்டது” என்கிறார்கள். கணவரோ சவூதியில், இரண்டாண்டுக்கு ஒருமுறை அறுபது நாள் விடுப்பில் வருகிறார். மாதத்தில் ஒருமுறை வெளிவரும் கருமுட்டை ஏறத்தாழ ஒருநாளே உயிரோடிருக்கும். கருத்தரிக்க ஏற்ற நாட்கள் மாதத்துக்கு ஆறேதான். நல்ல உடல்நலமுள்ள இளம் தம்பதியருக்கும் ஒரு மாதத்தில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்கு வாய்ப்புத்தான் உண்டு. ஆக, நீங்கள் இரண்டு ஆண்டுகள் என்று எண்ணியது அந்தப் பெண்ணுக்கு உண்மையில் இரண்டு மாதங்கள். விமான நிலையத்தில் கணவனை வழியனுப்பிவிட்டு வந்த மருமகளிடம், மறுவாரமே ‘விசேஷம்’ கேட்பது எந்த நியாயம்?

அடுத்தது, பேசவே கூச்சப்படும் செய்தி. குழந்தையின்மைக்கான காரணங்களில் ஏறத்தாழ பாதியில் ஆணுக்கும் பங்குண்டு. விந்தணுக் குறைபாட்டுக்கும் ஆண்மைக்கும் தொடர்பில்லை. திடகாத்திரமான ஆணுக்கும் அது இருக்கலாம். புகைப்பழக்கம், பருவ வயதில் வந்த பொன்னுக்குவீங்கி, விதைப்பை நாளப் புடைப்பு, உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் போட்டுக்கொள்ளும் ஆண் இயக்குநீர் ஊசி எனக் காரணங்கள் பல. விந்துப் பரிசோதனை வலியற்றது, செலவு குறைந்தது. மருத்துவத் தேவைக்காக அதைச் செய்துகொள்ள மார்க்க அறிஞர்களும் அனுமதி தந்திருக்கிறார்கள். ஆனால் நடப்பதென்ன? மருமகளுக்கு ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, நாட்டு மருந்து, தாயத்து என்று ஆண்டுக்கணக்கில் அலைச்சல். மகனை ஒருநாள் காலை ஆய்வகத்துக்கு அனுப்ப மட்டும் மனம் வருவதில்லை. அது முடியுமுன்பே இரண்டாம் நிக்காஹ் பற்றிய பேச்சு எழுந்துவிடுகிறது. குறை மகனிடமே இருந்தால், இன்னொரு வீட்டுப் பெண்ணும் அதே பழியைச் சுமப்பாள்.

‘தண்டனை’ என்போருக்கு ஒரு வார்த்தை. குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் அஸ்ல் செய்துவந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. மனைவியின் உயிரைக் காக்கும் நோக்கில் அஸ்ல் செய்வதை இமாம் கஸ்ஸாலி அவர்கள் குற்றமாகக் கருதவில்லை. இதன் அடிப்படையிலேயே, தீங்கற்ற தற்காலிகக் கருத்தடையை அறிஞர்கள் பலர் அனுமதித்தனர். ஆண் மக்களை, பெண் மக்களை, இருவரையும் தருபவனும், சிலரைப் பிள்ளையற்றோராக ஆக்குபவனும் தானே என்று அஷ்ஷூரா அத்தியாயத்தின் 49, 50ஆம் வசனங்களில் அல்லாஹ் கூறுகிறான். அவன் தன் ஞானத்தின்படி செய்வதைத் தண்டனை என்று பெயரிட நமக்கு யார் அதிகாரம் தந்தது?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை இல்லை. நபி (ஸல்) அவர்களின் அன்பு அதனால் குறைந்ததா? சகோதரியின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் ‘உம்மு அப்துல்லாஹ்’ என அழைக்கப்படும் சிறப்பை அல்லவா அவர்களுக்கு அளித்தார்கள்! முதுமையிலும் ஸக்கரிய்யா (அலை) தம் மனைவியைக் குற்றம் சொல்லவில்லை. தம் இறைவனிடம் கையேந்தினார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். மாத்திரையை நிறுத்தும்போதே பெண் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கட்டும். மூன்று மாதத்தில் மாதவிடாய் திரும்பாவிட்டால் மருத்துவரைக் காணட்டும். தம்பதியர் சேர்ந்து வாழ்ந்த மாதங்களை மட்டும் எண்ணுங்கள். அவை பன்னிரண்டைக் கடந்தால், பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதாகியிருப்பின் ஆறைக் கடந்தால், இருவரும் ஒரே நாளில் மகப்பேறு மருத்துவரிடம் செல்லுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை எளியோருக்கும் திறந்தே இருக்கிறது. ஜமாஅத் பெரியவர்களே, குழந்தையில்லை என்று தலாக் கேட்டு வருபவரிடம் “உங்கள் பரிசோதனைத் தாள் எங்கே?” என்று முதலில் கேளுங்கள்.

மாமியார்களே, நாத்தனார்களே! வந்த பெண்ணும் ஓர் அத்தா பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை. அவளுக்காகத் துஆச் செய்ய இயலாவிட்டால், கேள்வியாவது கேட்காதிருங்கள்.

குழந்தைக்காக ஏங்கும் ஒவ்வொரு தம்பதியருக்கும் அல்லாஹ் ஸாலிஹான சந்ததியை அருள்வானாக! நம் நாவுகளால் பிறர் நெஞ்சம் புண்படாமல் காப்பானாக! ஆமீன்.