நெறி கட்டியது கண்டு நம்பிக்கை இழக்கலாமா?

மறைமலைநகர் ஆலைத் தொழிலாளி ஒருவருக்குக் குடலிற் புற்றுநோய் என்றும், ஸ்கான் படத்தில் நிணநீர்க் கணுக்கள் வீங்கித் தோன்றுகின்றன என்றும் வைத்தியர் சொன்னால், "உள்ளே நெறி கட்டிவிட்டது, இனி யாது பயன்?" என்று குடும்பத்தார் கலங்குவது இயல்பே. ஆனால் அக்கலக்கத்தாற் சிகிச்சையைக் கைவிடுவது பெருந்தவறாகும்.

புற்று இல்லாமலே அழற்சியாற் கணு வீங்குவதுண்டு. வீங்காத சிறு கணுவிற் புற்று ஒளிந்திருப்பதும் உண்டு. கணுக்களிற் பரவிய மலக்குடற் புற்றைத் தனி வகையாக 1932-இல் லண்டன் நிபுணர் டியூக்ஸ் பிரித்தார். அறுத்தெடுத்த பகுதியில் 12 கணுக்களையேனும் பூதக்கண்ணாடியிற் சோதிப்பதே இன்றைய விதி. புற்றுள்ள கணுக்கள் 3-க்குள் அடங்கின் நம்பிக்கை மிகுதி. 4 முதல் அபாயம் மிகுதி. எனினும் தூர உறுப்புக்களுக்குப் பரவாதவரையில், அறுவையாலும் மருந்தாலும் பலர் பிழைக்கின்றனர்.

தங்கையை மலக்குடற் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் அரும்பெரு முயற்சியால் 1954-இல் அடையாற்றிற் புற்றுநோய் ஆஸ்பத்திரி தோன்றிற்று. ஒருவர் துயரம் நாட்டுக்கு நன்மையாயிற்று.

சர்க்காரை நாம் கேட்பது இதுவே: செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி முதல் ஜில்லாதோறும் இச்சோதனை தாமதமின்றி நடைபெறவேண்டும். எத்தனை கணுக்கள் பார்க்கப்பட்டன, எத்தனையிற் புற்று என்பதைத் தமிழில் எழுதி நோயாளியின் கையிற் கொடுக்கவேண்டும்.

தொண்டர்களே! மலத்தில் இரத்தம் கண்டும் மூலமென்று வாளாவிருப்போரை உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கணுக்களை எட்டுமுன் நோயைப் பிடிப்பதே உயிர் காக்கும் வழி.