மாடியில் சோலார்: பகல் வெயில் உங்களுடையது... ராத்திரி கரன்ட் யார் செலவு?

“மாடியில சோலார் போட்டா கரன்ட் பில் ஜீரோவாமே?” மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் பக்கம் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மத்திய அரசின் மானியம் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் சூடுபிடித்திருக்கிறது.

பில் குறைவது உண்மைதான். ஆனால் பில் ஜீரோ ஆனாலும் அந்த வீடு இ.பி. லைனை விட்டு விலகிவிடுவதில்லை. பகலில் மிச்சமாகும் மின்சாரத்தை வாங்கிக்கொள்வது அந்த லைன்தான். ராத்திரி ஏ.சி. ஓட மின்சாரம் தருவதும் அதே லைன்தான். அது எவ்வளவு தாங்கும், அதற்கான செலவு யார் தலையில் விழும் என்பதுதான் சோலார் விளம்பரங்களில் வராத கதை.

மானியம் எவ்வளவு?

2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிஎம் சூர்ய கர்’ திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆக, ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட், மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் கிடைக்கும்.

சென்னை வெயிலில் 1 கிலோவாட் சோலார் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாத பில் கணக்கில் பார்த்தால் சுமார் 240 யூனிட். 3 கிலோவாட் என்றால் 700 யூனிட்டைத் தாண்டும். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பில்லைத் துடைத்துப் போட இது போதும்.

நெட் மீட்டரிங் என்றால் என்ன?

சோலார் போட்டதும் பழைய மீட்டருக்குப் பதில் இருவழி மீட்டர் வரும். வீட்டுக்குள் வரும் யூனிட், வெளியே போகும் யூனிட் இரண்டையும் அது தனித்தனியாகக் குறிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பில். இதுதான் நெட் மீட்டரிங்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021இல் கொண்டுவந்த விதிகளின்படி வீட்டு இணைப்புகளுக்கு இந்த வசதி உண்டு. கடைகள் போன்ற வணிக இணைப்புகளுக்கு வேறு கணக்கு. அவர்கள் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு, ஆணையம் நிர்ணயித்த குறைந்த விலைதான் கிடைக்கும்.

வீட்டுக்காரருக்கு இதில் என்ன லாபம்? மதியம் அனுப்பிய ஒரு யூனிட்டை ராத்திரி ஒரு யூனிட்டாகவே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். லைனே அவருக்கு பேட்டரி மாதிரி. அதுவும் கிட்டத்தட்ட இலவச பேட்டரி.

கரன்ட் போனால் சோலாரும் ஏன் போகிறது?

பலருக்கு இது முதல் அதிர்ச்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. மழை விட்டு வெளிச்சம் வந்தாலும், லைனில் கரன்ட் இல்லாத வரை பேட்டரி இல்லாத சோலாரால் ஒரு ஃபேனைக்கூட ஓட்ட முடியாது.

இது கோளாறு இல்லை, விதி. லைனில் கரன்ட் போனால் சோலார் இன்வெர்ட்டர் உடனே தானாக அணைந்துவிட வேண்டும் என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. காரணம் எளிது. லைன் செத்துவிட்டது என்று நம்பி ஊழியர் கை வைக்கும்போது, யாரோ ஒரு வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் உயிர் போகும். புயல் நேரத்திலும் கரன்ட் வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர்தான் வழி. அதற்குத் தனிச் செலவு.

தெருவுக்குத் தெரு ஏன் மாறுகிறது?

சோலார் அதிகம் தரும் நேரம் மதியம். அந்த நேரத்தில் அதே தெருவில் யார் மின்சாரம் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

தி.நகரை எடுத்துக்கொள்ளுங்கள். உஸ்மான் சாலை, ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார் என்று ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் காலை முதல் இரவு வரை ஏ.சி. போட்டு இயங்குகின்றன. பக்கத்துத் தெரு வீடுகளின் மாடியில் உருவாகும் மின்சாரத்தை அக்கம்பக்கத்துக் கடைகளே விழுங்கிவிடும். லைனுக்குத் தலைவலி இல்லை.

அடையாறு, மயிலாப்பூரின் குடியிருப்புத் தெருக்களில் கதை வேறு. மதியம் பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் ஸ்கூலுக்கும் போய்விடுவார்கள். ஓடுவது ஃபிரிட்ஜும் ஓரிரண்டு ஃபேனும்தான். அந்த நேரத்தில் பத்து வீட்டு மாடிகளும் ஒரே கேபிளில் மின்சாரத்தைத் தள்ளினால் வோல்டேஜ் ஏறும். வழக்கமான அளவு 230 வோல்ட். அது 10 சதவீதம் கூடி 253 வோல்ட்டைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும்.

இதில் முதலில் அடிபடுவது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, கேபிளின் கடைசியில் இருக்கும் வீடு. அங்குதான் வோல்டேஜ் அதிகம் ஏறும். அதே மானியம், அதே பேனல், அதே வெயில். ஆனால் நல்ல வெயில் நேரத்தில் அந்த வீட்டு சோலார் மட்டும் சும்மா நிற்கும். தெருவில் ஒன்றிரண்டு பேர் போட்டிருக்கும் வரை இது தெரியாது. எல்லோரும் போடும்போதுதான் தெரியும்.

இலங்கையில் என்ன நடந்தது?

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் புகுந்த குரங்குதான் காரணம் என்று சொல்லப்பட்டு உலகமே சிரித்தது. ஆனால் இலங்கை மின்சார சபை சொன்ன விளக்கம் சிரிக்கும்படி இல்லை. விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு, சோலார் மின்சாரமோ அதிகம். அந்த நிலையில் மின் கட்டமைப்பு பலவீனமாக இருந்ததால் சின்ன அதிர்ச்சியைக்கூடத் தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் பிற்பகல் 3 மணி வரை சோலாரை அணைத்து வைக்குமாறு வீட்டுக்காரர்களிடம் மின்சார சபை கேட்டுக்கொண்டது. ஊரே விடுமுறையில் இருந்தால் மின்சாரத்தை வாங்க ஆள் இல்லை.

சென்னைக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநில மின் கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைந்துவிட்டது. இங்கே மிஞ்சும் மின்சாரத்துக்கு வேறு மாநிலத்தில் தேவை இருக்கும். அதனால் நமக்கு முதலில் வரும் சிக்கல் தெரு கேபிளிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும்தான்.

தனித்து நிற்கும் இடங்களுக்கு அந்த வசதியும் கிடையாது. யாழ்ப்பாணத்துக்கு அருகே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கு இந்திய உதவியோடு ஒரு திட்டம் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அதில் 1,700 கிலோவாட் சோலாரோடு காற்றாலை, 2,400 கிலோவாட்-மணி பேட்டரி, அவசரத்துக்கு டீசல் ஜெனரேட்டர் என்று எல்லாம் முதலிலேயே கணக்கில் சேர்க்கப்பட்டன. தீவில் ராத்திரிக்கு என்ன செலவு என்பது முதல் நாளே தெரிந்துவிடும். நகரத்தில் அது பில்லுக்குள் ஒளிந்திருக்கும்.

ராத்திரிச் செலவு யார் தலையில்?

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். 2024 ஜூலையில் அறிவித்த கட்டணப்படி, 400 யூனிட் வரை யூனிட்டுக்கு 4.80 ரூபாய், 1,000 யூனிட்டுக்கு மேல் 11.80 ரூபாய். அதாவது அதிகம் பயன்படுத்துபவர் தரும் பணம், குறைவாகப் பயன்படுத்துபவரின் பாரத்தையும் ஓரளவு சுமக்கிறது.

சோலார் யாருக்கு லாபம் என்று பார்த்தால், அந்த 11.80 ரூபாய் கட்டுபவருக்குத்தான் அதிக லாபம். சொந்த மாடியும் முதலீட்டுக்குப் பணமும் உள்ள அவர் முதலில் சோலாருக்கு மாறுவார். தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கு நல்ல வருமானம் தந்தவர் அவர். அது போய்விட்டாலும் அவருக்கு ராத்திரி மின்சாரம் தரும் கடமை போகாது. டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், ஊழியர் சம்பளம் எதுவும் குறையாது.

2024இல் திருத்தப்பட்ட மத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. 10 கிலோவாட் வரையிலான சோலார் விண்ணப்பங்களை, ‘லைன் தாங்குமா’ என்ற ஆய்வு இல்லாமலே ஏற்க வேண்டும். 5 கிலோவாட் வரை, லைனைப் பலப்படுத்தும் செலவை மின் நிறுவனமே ஏற்க வேண்டும். சோலார் வேகமாகப் பரவ இது நல்ல விதி. ஆனால் மின் நிறுவனத்தின் செலவு என்பது கடைசியில் எல்லோருடைய கட்டணத்திலும்தான் சேரும். மாடியே இல்லாத வாடகை வீட்டுக்காரரும் அதில் ஒருவர்.

இதற்காக சோலாரையே சுருக்கினால் அதுவும் தப்பு. கேரளத்தில் 2025இல் வெளியான வரைவு விதிகள் நெட் மீட்டரிங்கை 3 கிலோவாட்டுக்குள் சுருக்கப் பார்த்தன. கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஆசை காட்டி முதலீடு செய்ய வைத்த பிறகு விதியை மாற்றினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மாடி இல்லாதவர் என்ன செய்வது?

ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் எட்டு ஃபிளாட். மயிலாப்பூரில் இது சகஜம். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, நிழல் விழும் இடம் போக மாடியில் 600 முதல் 800 சதுர அடி மிஞ்சலாம். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். ஆக மொத்தம் 6 முதல் 8 கிலோவாட். ஒரு ஃபிளாட்டுக்கு ஒரு கிலோவாட் கிடைத்தாலே பெரிது.

யாராவது ஒருவர் முந்திக்கொண்டு மாடியை எடுத்துக்கொண்டால் மற்ற ஏழு பேருக்கும் வழி அடைபடும். இதற்குத் தீர்வாக டெல்லியில் 2019இலேயே ‘விர்ச்சுவல் நெட் மீட்டரிங்’ வழிகாட்டுதல் வந்தது. ஒரே இடத்தில் பேனல் இருக்கும். அதன் யூனிட்கள் பங்கு விகிதப்படி ஒவ்வொரு வீட்டு பில்லிலும் கழியும். அடுக்குமாடிகள் நிறைந்த சென்னைக்குப் பொருத்தமான முறை இதுதான். பேனல் வேறு பேட்டையில்கூட இருக்கலாம் என்று அனுமதித்தால் வாடகைக்கு இருப்பவருக்கும் பங்கு கிடைக்கும்.

என்ன வழி?

மதிய மின்சாரத்தை மதியமே செலவழிப்பதுதான் மலிவான வழி. தெற்கு ஆஸ்திரேலியாவில் காலை 10 முதல் பிற்பகல் 3 மணி வரை லைன் கட்டணத்தைக் குறைத்து, மக்களை அந்த நேரத்துக்கு இழுத்தார்கள். நம் மத்திய அரசின் 2023 விதிகளும் வெயில் நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்கின்றன. இதற்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். சோதனை முயற்சியாக தி.நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் ஏற்கெனவே பொருத்தப்பட்டன. அந்த மீட்டர் ரீடிங் எடுக்க மட்டுமே பயன்பட்டால் பாதிப் பலன் வீண்.

சோலார் போட நினைப்பவர்கள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்:

• எங்கள் வீடு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எவ்வளவு தூரம்? மதியம் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது? (ஒரு வாரம் அளந்து பார்ப்பது நல்லது.)

• பக்கத்துக் கட்டடம், தென்னை மரத்தின் நிழல் எந்த மாதத்தில் எங்கே விழும்?

• கரன்ட் போனால் வேலை செய்யுமா? பேட்டரியைப் பின்னால் சேர்க்க முடியுமா?

• மாடியைப் பயன்படுத்த சங்கத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இருக்கிறதா?

போட்ட பிறகு தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், ஸ்கூட்டர் சார்ஜிங் எல்லாவற்றையும் காலை 10 மணிக்கு மேல் மாற்றிக்கொள்ளுங்கள். நெட் மீட்டரிங் இருக்கும் வரை உங்கள் பில்லில் இதனால் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் உங்கள் தெரு கேபிளுக்குத் தெரியும். கடைசி வீட்டு இன்வெர்ட்டருக்கும் தெரியும்.