தேவையான ஆணி!

2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்துல வடிவேலு தலையில ஒரு சுத்தியல் விழுமே, ஞாபகம் இருக்கா பாஸ்? 18 வருஷம் கழிச்சு, 2019 மே மாசம், ஃபேஸ்புக்ல ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு 'இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?'னு கேட்கப்போய், நம்மாளு ஒருத்தர் கான்ட்ராக்டர் நேசமணியை இழுத்துவிட, நேசமணி உலக அளவுல ட்ரெண்ட் ஆனார். ஸ்கூல் படிச்சுட்டிருந்த நானும் சிரிச்சு உருண்டேன்.

அதே படத்துலதான் அந்தத் 'தேவையில்லாத ஆணி' காமெடியும். போன மாசம் மல்லாங்கிணறுல எங்க வீட்டுச் சுவர்ல நான் அடிச்சதும் அப்படி ஒரு ஆணிதான். ஆனா, யாரும் சிரிக்கலை.

மேட்டர் இதுதான். தாத்தாவோட முதல் வருஷத் திதி வருதுன்னு, அவர் போட்டோவைப் பெருசாக்கி, விருதுநகர்ல ஃப்ரேம் போட்டு வாங்கிட்டு வந்தாங்க அம்மா. கண்ணாடி, மரச்சட்டம்னு நல்ல கனம். அப்பா திருப்பூர்ல. ''பக்கத்து வீட்டுச் சித்தப்பா வரட்டும்டி''ன்னாங்க அம்மா. நமக்குத்தான் ரோஷம் வந்துருமே! ''அப்புறம் எதுக்கும்மா நான் மெக்கானிக்கல் படிக்கிறேன்?''னு சவுண்டு விட்டுட்டு, டப்பாவுல கிடந்த ஒரு இன்ச் ஆணியை எடுத்து அடிச்சேன். நாலாவது அடி கட்டைவிரல்ல (அவ்வ்வ்!). இருந்தாலும் மாட்டியாச்சு.

ராத்திரி ரெண்டு மணிக்கு 'சலார்'னு சத்தம். தாத்தா தரையில. கண்ணாடி சுக்குநூறு. அப்பத்தா எழுந்து வந்து பார்த்தாங்க. ''அவருக்கு இந்த வீட்டுல இருக்கப் பிடிக்கல போல''ன்னு ஒரே வார்த்தை. காலையில காபியைக்கூடத் தொடலை. எனக்கு விரல் வலி மறந்தேபோச்சு.

நேரா ரெண்டு தெரு தள்ளி இருக்குற ஆசாரித் தாத்தாகிட்ட ஓடினேன். ரெடிமேட் கதவு வந்த பிறகு வேலையை விட்டவர். வந்து, ஆணி இருந்த ஓட்டையில சுண்டுவிரலை விட்டுத் திருகினார். பொலபொலன்னு மண் கொட்டுச்சு.

''ஏத்தா, நீ சுவத்துல எங்க அடிச்ச? பூச்சுலல்ல அடிச்சிருக்க!''

அதாங்க விஷயம். சிமென்ட் பூச்சு மட்டுமே அரை இன்ச் இருக்கும். ஒரு இன்ச் ஆணியில போட்டோ மாட்ட வெளியில அரை இன்ச் விட்டா, மிச்சம் அரை இன்ச் பூச்சோட முடிஞ்சுபோச்சு. செங்கல்லை அது பார்க்கவே இல்லை! அதுலயும் நம்ம ஊரு கரிசல் மண். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். மேல நிக்கிற சுவரையும் சேர்த்து ஆட்டிவைக்கும். விரிசல் விட்ட பூச்சு ஆணியை எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?

அடுத்து, என் சுத்தியலைப் பார்த்துத் தலையில அடிச்சுக்கிட்டார். அது ஒரு பக்கம் உருண்டையா இருக்குற பால் பீன் சுத்தியல். ஃபர்ஸ்ட் இயர்ல ஃபிட்டிங் லேப்ல புழங்கினோமே, அதேதான். இரும்பு வேலைக்கு ஓகே. வீட்டுக்கு, பின்னாடி ரெண்டாப் பிளந்திருக்குமே, ஆணி புடுங்குற சுத்தியல், அரை கிலோ கனத்துல ஒண்ணு இருந்தா போதும். வாங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சு உதறிப் பாருங்க, தலை ஆடக் கூடாது. மரக் கைப்பிடி நம்ம வெயிலுக்குக் காய்ஞ்சு சுருங்கி, தலை லூஸாகிடும். தண்ணியில ஊறப்போடுவாங்க பாருங்க, அது ஒருநாள் கூத்து. காய்ஞ்சதும் திரும்ப ஆடும். ஆப்பு அடிச்சு இறுக்குறதுதான் வழி. இல்லைன்னா அடுத்த நேசமணி நீங்கதான்!

என் கட்டைவிரல் கதைக்கும் காரணம் சொன்னார். பயத்துல நான் சுத்தியலைக் கழுத்துல பிடிச்சிருந்தேன். கடைசியில பிடிக்கணும். அப்பதான் வீச்சு கிடைக்கும், கனமே வேலையைப் பார்த்துக்கும். முதல் ரெண்டு தட்டு மெதுவா, ஆணி தானா நின்னதும் விரலை எடுத்துடணும். சின்ன ஆணின்னா துணி காயப்போடுற கிளிப்ல பிடிச்சுக்கலாம் (இது என் கண்டுபிடிப்பு. காப்பிரைட் உண்டு!). வளைஞ்ச ஆணியைப் புடுங்கும்போது சுத்தியலுக்கு அடியில ஒரு துண்டுக் கட்டை வெச்சா சுவர் பேராது, ஆணியும் நேரா வரும். அதே நெம்புகோல் தத்துவம்தான். பரீட்சையில எழுதி மார்க் வாங்கினேன், வீட்டுல ஞாபகம் வரலை.

''காங்கிரீட் ஆணி அடிச்சா என்ன?''ன்னு கேட்டேன். பழைய செங்கல்லுக்கு அது வேண்டாம்னுட்டார். அது கடினப்படுத்தின எஃகு. வளையாது, கோணலா அடி விழுந்தா உடைஞ்சு தெறிக்கும். கண்ணுக்கு நேரா வந்தா அவ்ளோதான். கண்ணாடி இல்லாம அதைத் தொடாதீங்க ப்ளீஸ். ஹெல்மெட் போட்டு வைசரை இறக்கிக்கிட்டாலும் தப்பில்லை. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். அப்புறம், சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் கீழயும் எந்த ஆணியும் வேண்டாம். சுவருக்குள்ள வயர் பைப் பெரும்பாலும் அந்த வழியாத்தான் போகும்.

சரி, தாத்தாவை எப்படி மாட்டினோம்? பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள்ள ஒன்றரை இன்ச் போற மாதிரி உளியால ஓட்டை போடச் சொன்னார். காய்ஞ்ச வேப்பங்கட்டையை ஆப்பு மாதிரி சீவி, அதுல அடிச்சு இறக்கி, கட்டைக்குள்ள ஸ்க்ரூ. பச்சைக் கட்டைன்னா பிறகு சுருங்கிக் கழண்டுக்குமாம். டிரில்லிங் மெஷின் இருந்தா பிளாஸ்டிக் பிளக் போதும். எலெக்ட்ரீஷியன் அண்ணன்கள் 'ராவல் பிளக்'னு கேட்டு வாங்குவாங்களே, அது ஒரு ஆளோட பேர்ல வந்தது! லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் சுவர்கள்ல சேதமில்லாம எலெக்ட்ரிக் சாமான் மாட்டணும்னு ஜான் ராவ்லிங்ஸ் 1911-ல் சணல்ல பண்ணினது. அதுக்கு முன்னாடி அங்கேயும் ஓட்டையைக் கொத்தி மரக்கட்டை அடிக்கிற நம்ம ஆசாரித் தாத்தா டெக்னிக்தான்!

மொத்தம் முக்கால் மணி நேரம் ஆச்சு. ஆசாரித் தாத்தா கட்டில்ல உட்கார்ந்து வாயால மட்டும்தான் வேலை பார்த்தார். உளி, சுத்தியல் எல்லாம் என் கையில. ஸ்க்ரூவைப் பிடிச்சு முழு பலத்தோட இழுத்துப் பார்த்தேன், அசையலை. புதுக் கண்ணாடி போட்டு, திதிக்கு முந்தின நாள் மாட்டினோம்.

அப்பத்தா வந்து ஃப்ரேமைக் கீழே இருந்து லேசா தூக்கிப் பார்த்தாங்க. அப்புறம் சந்தனப் பொட்டு வெச்சாங்க. போற போக்குல, ''அந்த முருகர் படமும் ஒரு பக்கமா சாஞ்சு தொங்குது, என்னான்னு பாரு''ன்னாங்க.