ஒரு கடல் நத்தையும் ஒரு மலை மரமும்



இழப்பின் பின் மீண்டெழுவது பற்றி அடிக்கடி பேசுகிறோம். இம்முறை இரண்டு உயிர்களை ஒப்பிட்டு அதைப் பார்ப்போம்.

எலீசியா மார்ஜினேட்டா என்பது ஓடில்லாத சிறு கடல் நத்தை. நமது கரைகளில் பிடிக்கும் கடலட்டை வேறு, இது வேறு. யப்பானின் நாரா பெண்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சயாகா மித்தோ, யொய்ச்சி யூசா ஆகியோர் இதைப் பற்றி 2021 இல் வியப்பான தகவலை வெளியிட்டனர். இந்த நத்தை தன் தலையை உடலிலிருந்து தானே பிரித்துக்கொள்கிறது. இதயமும் உடலோடு போய்விடுகிறது. தலை மட்டும் ஊர்ந்து, சில மணித்தியாலங்களிலேயே பாசி தின்னத் தொடங்குகிறது. ஒரு வாரத்துக்குள் புதிய இதயம் உருவாகத் தொடங்கி, ஏறத்தாழ 3 வாரங்களில் முழு உடலும் வளர்ந்துவிடுகிறது. ஆனால் இளம் நத்தைகளுக்கே இது கைகூடியது. முதிர்ந்தவற்றின் தலைகள் எதையும் உண்ணாமல் 10 நாட்களளவில் இறந்துபோயின.

மற்றையது வொலமை பைன் என்னும் மரம். அவுஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடமேற்கே உள்ள மலைப் பள்ளத்தாக்கில் 1994 இல் டேவிட் நோபிள் என்ற பூங்கா உத்தியோகத்தர் இதைக் கண்டார். காட்டில் முதிர்ந்த மரங்கள் 100 கூட இல்லை. ஷெல்லில் தலை அறுந்த பனை திரும்பத் தளிர்ப்பதில்லை. இந்த மரமோ அடியிலிருந்து புதிய தண்டுகளை விடும்.

அப்படியிருந்தும் அதைத் தனியே விடவில்லை. சப்பாத்து மண்ணோடு வேர்நோய் போய்விடும் என்பதால் அது நிற்கும் இடத்தை இரகசியமாக வைத்திருக்கிறார்கள். 2019-2020 காட்டுத்தீயின்போது தீயணைப்பு வீரர்கள் ஹெலிகொப்டரிலிருந்து பள்ளத்தாக்கில் இறங்கி, நீர் பாய்ச்சிக் காத்தார்கள்.

"நீங்கள் தைரியமான ஆள், எப்படியும் எழும்பிவிடுவீர்கள்" என்று எங்கள் பெண்களிடம் சொல்வதை வேலைக்குப் போகும் இடமெல்லாம் கேட்கிறேன். சொன்னவர் அத்துடன் போய்விடுவார். துணையாளரை இழந்தவரும் காலை இழந்தவரும் அந்த நத்தையைப் போல் தாமே முளைக்க வேண்டும் என்பது பாராட்டு அல்ல, கைவிடுதல். தளிர்க்கும் சக்தி உள்ள மரத்துக்கே அத்தனை பேர் காவல் நின்றார்கள்.

உங்கள் ஒழுங்கையில் தனியே இருக்கும் வயதான அம்மா ஒருவர் இருப்பார். இந்த மாதம் பிரதேச செயலகத்துக்கோ கிளினிக்குக்கோ அவரோடு கூடப் போங்கள். உங்களுக்கு உதவி தேவையென்றால் வெட்கப்படாமல் கேளுங்கள்.