மேடைக்குப் போன துண்டுச் சீட்டு

ஆண்டு விழா மேடைகளை ஏற்பாடு செய்து பழகியவர்களுக்கு அந்தச் சீட்டைத் தெரியும். சிறப்பு விருந்தினர் நாம் எதிர்பாராததைப் பேசத் தொடங்கியதும், நோட்டிலிருந்து கிழித்த தாளில் ‘நேரம் ஆகிறது’ என்று எழுதித் தலைவரிடம் கொடுத்தனுப்புவோம். நேரம் ஆகியிருக்காது, நமக்குத்தான் இருப்புக் கொள்ளாமல் போயிருக்கும்.

மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்றின் விழாவில் நானும் அப்படி ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன். விருந்தினர், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். போர்த்திய பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மைக் முன் வந்தார். தவணை நாளில் குழுவினர் ஒரு வீட்டு வாசலில் போய் உட்காருவதற்கும், கந்துவட்டிக்காரர் வந்து நிற்பதற்கும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது என்றார். சீட்டு போனது, பேச்சு முடிந்தது. நன்றியுரைக்கு வந்தவர் பன்னிரண்டு நிமிடம் மறுப்புரை நிகழ்த்தினார். மறுநாள் ஒரு குழுத் தலைவி கேட்டார்: “அவங்க சொன்னது பொய் இல்லையே சார், ஏன் நிறுத்தினீங்க?”

இன்றுவரை அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

விருந்தினர் நம்மையே விமர்சிக்கும் இந்த நெருக்கடி அமைப்பு நடத்துபவர்களுக்குப் புதிதல்ல. சாதி ஒழிப்புக்காகவே இயங்கிய ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற லாகூர் அமைப்பு, தன் 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்த அமைப்பாளர்கள் கலங்கிப்போனார்கள். சமபந்தி விருந்துகளால் சாதி போகாது, சாத்திரங்களின் புனிதத்தின் மேல் மக்களுக்குள்ள நம்பிக்கையைத் தகர்க்காமல் எதுவும் நடக்காது என்றது உரை. இந்து மதத்தைவிட்டு வெளியேறும் முடிவையும் அதில் அவர் சொல்லியிருந்தார். சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று கடிதம் எழுதினார் அவர்.

அதே கடிதத்தில் அவரே ஒரு வழியும் சொன்னார். கருத்துகளுக்கு முழுப் பொறுப்பு என்னுடையது. பிடிக்காவிட்டால் மாநாடு என் உரையைக் கண்டித்துத் தீர்மானம் போடட்டும், எனக்கு வருத்தமில்லை என்றார். அமைப்பாளர்களுக்கு இதைவிட நல்ல வழியை வேறு யார் தந்திருக்க முடியும்? ஆனால் அவர்கள் மாநாட்டையே ரத்து செய்தார்கள்.

அவர்களைக் கோழைகள் என்று தள்ளிவிட முடியாது. அம்பேத்கரை அழைத்ததற்காகவே வெளியில் எதிர்ப்பு, உள்ளே விலகல்கள். நிதி தருபவர் என்ன நினைப்பார், கலெக்டர் ஆபீசில் என்ன சொல்வார்கள் என்று கணக்குப் போடும் நமக்கு அந்தப் பயம் புரியும். ஆனால் பயந்து எடுத்த முடிவு எதையும் காப்பாற்றவில்லை. அம்பேத்கர் உரையைச் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தன. உரையின் கருத்தை ஏற்காத காந்தியே, அதை நிராகரித்தது தவறு என்று ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் விமர்சனத்தையும் தன் பதிலையும் அம்பேத்கர் சேர்த்தே வெளியிட்டார். அமைப்பாளர்கள் செய்திருக்க வேண்டியதை விருந்தினர் செய்தார்.

லாகூர் மாநாட்டு விவகாரத்துக்கு இருபது ஆண்டுகள் முன்பு, 1916 பிப்ரவரியில், காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவில் காந்தியே அப்படி ஒரு விருந்தினர். நகைகள் பூண்டு வந்திருந்த மன்னர்களை மேடையிலேயே கடிந்தார். அன்னி பெசன்ட் குறுக்கிட்டார். கூட்டம் ‘பேசட்டும்’ என்று குரல் கொடுத்தது. பேச்சு பாதியில் நின்றது. அந்த விழாவில் பேசிய எத்தனையோ பேரில் இன்றும் நாம் நினைவில் வைத்திருப்பது, நிறுத்தப்பட்ட அந்தப் பேச்சைத்தான்.

இதிலிருந்து நாம் வகுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை எளியது. உரையை முன்னரே கேட்டு வாங்கினால், நேரத்துக்காகவும் தகவல் பிழைக்காகவும்தான் வாங்குகிறோம், சம்மதம் தருவதற்கு அல்ல என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். உறுப்பினர் ஒருவரைப் பெயர் சொல்லி அவமதித்தாலோ, சாதியைச் சொல்லி இழித்தாலோ தலைவர் அந்த நொடியே நிறுத்த வேண்டும், அது கடமை. நம் வேலையைக் குறை சொன்னால் கடைசிவரை கேட்க வேண்டும். ‘இதைச் செயற்குழுவில் பேசுவோம்’ என்று தலைவர் ஒரு வரி சொன்னால் போதும். நன்றியுரை நன்றியோடு முடியட்டும்.

உண்மையான வேலை மறுநாள் தொடங்குகிறது. விமர்சனத்தைப் பேச்சாளர் சொன்ன சொற்களிலேயே நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ‘சில கருத்துகள் தெரிவித்தார்’ என்று மழுப்பாதீர்கள். உறுப்பினர்களைக் கூட்டி, ஏற்பது எது, மறுப்பது எது என்று விவாதித்துத் தீர்மானம் போடுங்கள். அதன் நகலை விருந்தினருக்கும் அனுப்புங்கள். மறுத்துப் போட்ட தீர்மானமானாலும் அனுப்புங்கள்.

அந்தச் செவிலியருக்கு நாங்கள் எதுவும் அனுப்பவில்லை. குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் ‘சிறப்புரை ஆற்றினார்’ என்று மட்டும்தான் இருக்கிறது. உங்கள் குறிப்பேட்டிலும் அப்படிப்பட்ட பக்கம் இருக்கக்கூடும். இந்த மாதச் செயற்குழுவில் அதைப் புரட்டிப் பாருங்கள்.