பெயர் ஒன்று, பணி வேறு

தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை, தமிழில் விரைவு. ஒலி ஒன்றாயிருப்பதை நம்பிப் பொருளையும் ஒன்றெனக் கொள்பவர் ஏமாறுவார் என்பது மொழியியல் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். விலங்கு உடற்கூறியலுக்கும் இப்பாடம் வேண்டும் என்பேன். அங்கே ஏமாற்றத்தின் விலை ஒரு பூனையின் பார்வையாக இருக்கலாம்.

தாடை மூட்டை ஒட்டிச் செல்லும் மேல்தாடைத் தமனி மனிதனுக்கும் உண்டு, நாய்க்கும் பூனைக்கும் உண்டு. மனிதனில் அது அம்மூட்டுக்கும் பற்களுக்கும் மெல்லும் தசைகளுக்கும் குருதி தருகிறது. மூளையை உட்கரோட்டிட் தமனிகளும் முள்ளெலும்புத் தமனிகளும் பார்த்துக்கொள்கின்றன. வளர்ந்த பூனையிலோ உட்கரோட்டிட் தமனி தூர்ந்து போகிறது. மூளைக்குரிய குருதியில் பெரும்பங்கு மேல்தாடைத் தமனி வழியே, ஒரு நுண்ணிய தமனி வலையைக் கடந்து செல்கிறது. வாயை மிக அகலத் திறந்தால் கீழ்த்தாடையின் பின்கோண முனைக்கும் நடுச்செவியின் எலும்புக் குமிழுக்கும் இடையே அத்தமனி நசுங்கலாம். நாய்க்கு உட்கரோட்டிட் தமனி திறந்தே இருப்பதால் இந்த இடர் மிகக் குறைவு. நாயிடம் பழகிய கை பூனையிடம் தவறுவது இங்கேதான்.

மயக்கத்திலிருக்கும் பூனைக்கு ஸ்பிரிங் வாய்விரிப்பான் பொருத்தும் வழக்கத்தை நான் எதிர்ப்பது இதனால்தான். மயக்கமருந்துக்குப் பின் பார்வையிழந்த 20 பூனைகளைப் பற்றி 2012இல் வெளியான ஆய்வில், 16 பூனைகளுக்கு வாய்விரிப்பான் பயன்படுத்தப்பட்டிருந்தது. 14 பூனைகளுக்குப் பார்வை திரும்பியது. 4 பூனைகளுக்குத் திரும்பவில்லை. வாய்விரிப்பான் ஒன்றே காரணமென்று இந்த எண்கள் நிறுவிவிடா; சிலவற்றுக்கு இதயமும் நின்றிருந்தது. ஆயினும் சிறிய முட்டு ஒன்றைக்கொண்டே வேலையை முடிக்கலாம் என்னும்போது, இறுக்கி விரிக்கும் கருவிக்கு என்ன நியாயம்?

இப்பிழையின் மறுபக்கம் பழையது. விலங்குகளை அறுத்துக் கற்ற கேலன், அவற்றின் மூளையடியில் கண்ட தமனி வலையை மனிதனுக்கும் உரியதாக்கினார். பெரெங்காரியோ ஐயுற்று, 1543இல் வெசாலியஸ் மறுக்கும்வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் மனிதனிடம் இல்லாத அவ்வலைக்குப் பணியும் வகுத்து வந்தனர்! அன்று விலங்கை மனிதன்மேல் ஏற்றினோம். இன்று மனிதனையும் நாயையும் பூனைமேல் ஏற்றுகிறோம்.

ஒப்பீட்டு உடற்கூறியல் பாடத்தில் தமனியின் பெயருக்குப் பக்கத்தில், எந்த விலங்கில் அது எந்த உறுப்பை வாழவைக்கிறது என்பதும் அச்சாக வேண்டும். பூனையைப் பல் சிகிச்சைக்குக் கொண்டுசெல்வோர், வாயை எதனால், எவ்வளவு அகலம், எத்தனை நேரம் திறந்துவைப்பீர்கள் என்று மருத்துவரிடம் முன்னரே கேட்டுவிடுங்கள்.