சேம அச்சும் ரப்பர் புஷ்ஷும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை. அதில் ஓடும்வரை வண்டியின் நோய் வெளியே தெரிவதில்லை. கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை விட்டு மயிலம் பக்கம் திரும்பினால்தான் தெரியும். எங்கள் இருவருக்கும் பொதுவான பழைய மாருதி 800, வேகத்தடைதோறும் இடப்பக்கச் சக்கரத்தருகே ‘லொடக்’கென்று ஒரு முறை முனகும். 2024இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. அதன்பின் அப்பக்கத்துக் கிளைச்சாலைகளில் அலைந்து திரிந்ததன் பயன் இது என்று நினைத்துக்கொண்டோம்.

சத்தத்தை மட்டும் பொறுத்துக்கொண்டிருப்போம். எங்களில் ஒருவரின் தந்தையார் இடுப்பெலும்பு முறிந்து தேறிவந்த காலம் அது. திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு அவரை அடிக்கடி அழைத்துப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் முகம் சுளிப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினோம். ஒரு நாள் விக்கிரவாண்டி அருகே பிரேக்கை அழுத்தியபோது வண்டி தானாக இடப்புறம் இழுத்தது. அன்றுதான் அச்சம் வந்தது.

பட்டறை ஒன்றில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றித் தந்தார்கள். பணம் போயிற்று, சத்தம் போகவில்லை. மறுபடி போனபோது, ‘பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்’ என்ற தத்துவம் கிடைத்தது. தத்துவத்தை நாங்கள் வேறிடங்களில் போதுமான அளவு படித்திருக்கிறோம் என்பதால், அடுத்த ஞாயிறு காலை நாங்களே வண்டியின் அடியில் புகுந்தோம்.

பார்த்தது இதுதான். இவ்வண்டியில் முன்சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் லோயர் ஆர்ம், வண்டியின் உடலோடு ஒரே ஒரு போல்ட்டில்தான் இணைகிறது. அது முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வது, குறுக்கே ஓடும் ஸ்டெபிலைசர் பாரின் முனை. அம்முனைக்கும் ஆர்முக்கும் நடுவே இருப்பவை உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் புஷ்கள். அந்த ரப்பர் நைந்து போனால், பிரேக் பிடிக்கும்போது சக்கரமே சற்றுப் பின்வாங்கும், வண்டி இழுக்கும். எங்கள் இடப்பக்கப் புஷ் வெயிலில் கிடந்த புளியம்பழத் தோடுபோல் விரலிலேயே நொறுங்கியது. சில நூறு ரூபாய்ச் சாமான். சில ஆயிரம் ரூபாய்ச் சாமானை மாற்றியவர் இதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மாற்றும் வேலையில் பலம் பாதி, பொறுமை பாதி. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் புகலாகாது. இருபுறமும் ஸ்டாண்ட் கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். முன்சக்கரம் இரண்டையும் ஒரே உயரத்தில் தூக்காவிட்டால் பார் முறுக்கிக்கொண்டு துளைக்குள் சேராது; இதை அறியாமல் ஒரு மணி நேரம் வியர்த்தோம். ரப்பருக்குக் கிரீஸ் தடவினால் அது ஊதிக் கெடும் என்பதால் சோப்புத் தண்ணீரே போட்டோம். இடம் கெட்டால் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆர்மைப் புஷ்ஷோடு சேர்ந்ததாகவே வாங்கிவிட்டோம்.

எவரும் எளிதில் சொல்லித் தராத ஒன்று உண்டு. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆர்மின் போல்ட்டை இறுதியாக முறுக்கிவிட்டால், வண்டியைத் தரையிறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ நேரும், விரைவில் கிழியும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. அவசரப் பட்டறைகளில் பெரும்பாலும் தவறிப்போவது இந்த ஒரு படிதான் என்பது எங்கள் ஊகம்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம் என்று நாங்கள் வாதிடவில்லை. ஸ்ட்ரட்டின் மேல் உள்ள சுருள்வில் அழுத்தப்பட்ட வேங்கை. தக்க கருவியின்றி அதன் நட்டைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. வேலை முடிந்தபின் வீல் அலைன்மென்ட்டுக்கும் கடைக்குத்தான் போனோம். எங்கள் வாதம் சிறியது: புஷ், லிங்க் போன்றவற்றை வண்டி வைத்திருப்பவர் ஒருமுறையேனும் தம் கையால் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

‘பேனா பிடிக்கிற கையில் ஸ்பேனரா?’ என்று நண்பரொருவர் நகைத்தார். அவருக்கு ஊரின் பெயராலேயே விடை சொன்னோம். சிறுபாணாற்றுப்படை பாடப்பெற்ற நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள்தான் இருக்கிறது. அந்நூல் முடியுமிடத்தில் பாணனுக்குப் பரிசாக வருவது ஒரு தேர். நத்தத்தனார் அதன் ஆரக்கால், இரும்பு விளிம்பு, தச்சரின் கைவினை என ஒவ்வொன்றாகக் கண் வைத்துப் பார்க்கிறார். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ என்றஞ்சி உமணர் வண்டியடியில் கட்டிவைக்கும் சேம அச்சை அதியமான் மகனுக்கே உவமையாக்குகிறார். அந்த உவமை தோன்ற, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்த கண் வேண்டும். உமணர் ஏற்றிய உப்போ, திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்து அளங்களில் இன்றும் விளைகிறது. பொருட்களை இப்படி அருகிருந்து அறிந்தவர்களின் கவிதையை, பொருட்களைத் தொடாமலே நாம் படித்து வருகிறோம்.

மெக்கானிக்கின் பிழைப்பில் மண் போடுகிறீர்களே என்பது இன்னொரு நண்பரின் குறை. எங்களுக்கு நேர்ந்தது மறுதலை. இப்போது திண்டிவனத்தில் ஒரு முதியவரிடம் போகிறோம். இரும்புக் கம்பியால் நெம்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார், பாதி நாள் ‘இது இன்னும் ஓடும்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவர் அருமை எங்களுக்குத் தெரிந்ததே அந்த ஞாயிற்றுக்குப் பிறகுதான். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம்.

அடுத்த வாரம் அப்பாவை ஏற்றிக்கொண்டு மயிலம் வழியாகவே போனோம், வேண்டுமென்றே. முதல் வேகத்தடையில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில், ‘சாலையைச் சரிபண்ணிட்டாங்களா?’ என்று கேட்டார். வலப்பக்க நட் ஒன்றை மறுபடி முறுக்கிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. வீடு திரும்பியதும் முதல் வேலையாக அதைச் செய்தோம்.